கறையான் அரித்த மாடிப்படி

கறையான் மருந்துக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். மாதாமாதம் வந்து மூலைக்கு மூலை மருந்தடித்துவிட்டு ஓடுகிறவனைப் போல இவருக்கு அவசரமே இல்லை. மரப்படிக்கட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

ஏழாவது படியில் புதுப் பலகை. இரண்டு மாதம் முன்பு பழைய பலகை உடைந்துதான் என் ஓரகத்தி விழுந்து செத்தாள்.

அவள் கணவர், என் மூத்தார், பக்கத்தில் நின்றிருந்தார். தவறாமல் மருந்தடித்தோமே என்று தழுதழுத்தார். அந்த மருந்து வெளியே நடமாடும் எறும்புக்கும் கரப்பானுக்கும்தான் என்றார் வந்தவர். கறையான் தரைக்கு அடியிலிருந்து ஏறி மரத்துக்குள்ளேயே தின்னுமாம். சுவரோரமாகத் தரையைத் துளைத்து மண்ணுக்குள் மருந்து ஊற்றவேண்டுமாம்.

பிறகு தலை நிமிராமல் சொன்னார். "கறையான் ஏறி வர்ற மண்கோடு வந்திருக்கு. யாரோ தொடச்சு விட்டிருக்காங்க."

நான்தான் துடைத்தேன், அவள் கண்ணில் படுவதற்கு முன்பே. ஈரத்துணியால், இரண்டு முறை.

என் அப்பா வீட்டில் வாசல் நிலையே கறையானுக்குப் போனது. எனக்குத் தெரியாதா? படிக்குள் என்னவோ சரசரக்கிறது, ஆள் கூப்பிடலாமா என்று அவள் கேட்டபோது, மாதாமாதம் அடிக்கிற மருந்தே போதும் அக்கா என்று வாய் கூசாமல் சொன்னேன். வீட்டை அவளைப் போல யாரால் பார்த்துக்கொள்ள முடியும் என்று ஊரே மெச்சும். என் கணவருக்கோ வாயைத் திறந்தால் அண்ணி, அண்ணி. வயிறு எரிந்தது. வீடு பாழாகி அவள் பேர் கெடட்டும் என்றுதான் நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை.

அவள் போனபின் மூத்தார் கீழ் அறைக்கு வந்துவிட்டார். அவர்கள் இருந்த, இரண்டு ஜன்னல் வைத்த மாடி அறை எங்களுக்கு வந்தது. வந்த முதல் வாரமே, அண்ணி நடக்கிற சத்தம் கேட்டது என்று கண் கலங்கினார் என் கணவர். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்த பிறகும் அவரைத்தான் தேடி வருவாளா?

மருந்து ஊற்றி, துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு மருந்துக்காரர் போனார். மதியம் வீட்டில் யாரும் இல்லை. அவளுடைய கட்டிலின் நடுவில் கைகாலை நீட்டிப் படுத்தேன். இனி இது என் அறை, என் வீடு.

ஈர மண் வாசனை வந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன.

என் முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது. மெல்ல, ஒரு ஆள் கனத்துக்கு.

"கொஞ்சம் தள்ளிப் படு."

கோபமே இல்லாத குரல். வீட்டில் எல்லாரும் மெச்சிய அதே குரல்.

தள்ளிப் படுத்தேன். அன்றிலிருந்து கட்டிலின் ஓரம்தான் என் இடம். என் கணவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

நேற்றுத் தூக்கத்தில் நடுப்பக்கம் திரும்பி, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"இடம் போதுமா அண்ணி?"

என்னை ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.