தூங்காத வண்டி

முந்தின நாள் நிறுத்தியபோது காட்டிய சார்ஜ் காலையில் இல்லை. யாரும் தொடாத மின்சாரக் கார், நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராத கார், ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ போய்விட்டு வந்ததுபோல் இளைத்து நின்றது.

தம்பி சொல்லித்தான் விட்டுப்போயிருந்தான். ஆபீஸ் வேலையாக வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் அண்ணனுடைய மெக்கானிக் ஷெட்டுக்குள் காரை நிறுத்தி, "சும்மா நின்னாலே சார்ஜ் இறங்குதுண்ணே. கம்பெனியில கேட்டா ஒண்ணுமில்லைங்கிறான். நீங்க ஒரு கை பாருங்க," என்று சாவி அட்டையை நீட்டினான். தம்பியின் நகங்கள் பால்போல் இருந்தன. அண்ணனின் நகக்கண்ணில் வருஷக்கணக்காக ஊறிய கிரீஸ்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இவன் அந்தத் தம்பிக்குத்தான் அஞ்சிக்கொண்டிருந்தான். கார் வந்த அன்றே மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து, "இதுல ஏறினா இறங்க மனசு வராதுங்க," என்றாள். "சித்தப்பா கார் உங்க வேன் மாதிரி இருமாதுப்பா," என்றாள் மகள். சிரித்துவைத்தான். அடிவயிறு எரிந்தது. அந்த டிரைவர் சீட்டில் மட்டும் உட்காருவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டான்.

ஆனால் வேலை என்று இறங்கிவிட்டால் அவன் அரைகுறையாக விடுகிறவனில்லை. பூட்டிய மின்சாரக் கார் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட வேண்டும். தூங்காமல் விழித்துக் கிடந்தால் பேட்டரியைத் தின்னும். சாவி அருகில் இருந்தால் விழிக்கும் என்று அதை வீட்டுக்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினான். காரை எந்நேரமும் எட்டிப்பார்க்கும் ஆப்பை செல்போனிலிருந்து எடுக்கும்படி தம்பியிடம் சொன்னான். தம்பி தனியாக வாங்கி மாட்டிய காமிராவைக் கழற்றினான். அப்படியும் மறுநாள் சார்ஜ் இறங்கியிருந்தது.

அன்று மத்தியானம் முன்மூடியைத் திறந்து, விளக்குக்கும் பூட்டுக்கும் தனியாக இருக்கும் சின்ன பேட்டரியின் ஒயரில், வண்டி இழுக்கும் கரண்டைக் காட்டும் மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தகரக் கூரையில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. பழைய ஆயிலும் ஈர சிமெண்டும் கலந்த வாசனை தரையிலிருந்து எழுந்து கழுத்தைச் சுற்றியது. மூலையில் அடுக்கியிருந்த டயர்களின் நிழல் மெல்ல மெல்லக் காரின் பக்கம் நீண்டது. மீட்டரில் எண் குறைந்து குறைந்து பூஜ்யத்தை ஒட்டி நின்றது. வண்டி தூங்கிவிட்டது.

பிறகு, தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்ததுபோல், எண் ஏறியது.

உள்ளே எங்கோ ஒரு 'டிக்'.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். டிரைவர் சீட்டின் ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் விழுந்தது.

கதவைத் திறந்து சீட்டில் கை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இயந்திரத்தின் சூடு அவனுக்குத் தெரியும். இது ஆள் எழுந்துபோன சூடு. குள்ளமான தம்பிக்கு ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கவேண்டிய சீட், நெட்டைக் கால்களுக்கு இடம்விட்டுப் பின்னால் தள்ளியிருந்தது. ஸ்டியரிங்கில் கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. அந்தச் சீட் யாருக்குப் பொருந்தும் என்று உட்காராமலே அவனுக்குத் தெரிந்தது.

மனைவி டீ கொண்டுவந்தாள்.

"இதுல யாரு உட்கார்ந்தது?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே! நேத்து இருட்டுற நேரத்துல இந்தப் பக்கம் வந்தேன். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க." அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "எத்தனை வருஷமாச்சு, நீங்க அப்படிச் சிரிச்சு!"

நேற்று இருட்டுகிற நேரத்தில் அவன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தான். பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். அவள் முகத்தை இப்படி மலரவைக்க அவனால் முடிந்ததேயில்லை.

"என்ன சொன்னான்?"

"சொன்னானா? யாரு?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லா நடிக்கிறீங்க. இன்னிக்கு வெளியே போலாம், கிளம்பி இருன்னு சொன்னீங்கல்ல? பாப்பா இப்பவே ஆட்டம் போடுறா."

அவள் போனதும் சின்ன பேட்டரியின் ஒயரைக் கழற்றினான். பெரிய பேட்டரியின் இணைப்பையும் துண்டித்தான். மீட்டரில் சுத்தமாக பூஜ்யம். இனி இது வெறும் இரும்பு. பார்க்கலாம், எவன் வருகிறானென்று. முன்மூடியை அடைத்துவிட்டு, ஸ்டூலைக் காருக்குப் பின்பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மழை விட்டது. வெளிச்சம் மங்கியது.

டிக்.

டாஷ்போர்டு வெளிறிப் பூத்தது. சீட்டின் முதுகு உள்வாங்கியது. அதில் ஒரு பிடரி தெரிந்தது. பிறகு தோள்கள். அவன் பீரோவில் மடித்துவைத்திருந்த நல்ல சட்டை.

எழப் பார்த்தான். முடியவில்லை. விரல்கள் சில்லிட்டன. ஸ்பேனர் நழுவி விழுந்தது. சத்தமே கேட்கவில்லை. உடம்பிலிருந்து ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. நிற்காமல்.

மனைவியும் மகளும் வந்தார்கள். புதுத்துணி. பவுடர் வாசனை. வழியில் கிடக்கும் சாமானைச் சுற்றிப்போவதுபோல் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கத்தினான். காற்றுகூட வரவில்லை.

கார்க்கதவில் கை வைத்த மகள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த ஸ்டூல்ல யாரோ இருக்காங்க."

"யாருமில்லடா செல்லம். ஏறு."

அவனுடைய குரல். ஆனால் கனிந்த குரல்.

கதவுகள் மூடின. இணைப்பில்லாத கார் பூனைபோல் நகர்ந்தது. ஷெட் வாசலில் ஒரு கணம் தயங்கியது. பின்கண்ணாடி வழியே முன்சீட்டுகள் இரண்டும் தெரிந்தன. மனைவியின் தலை மெல்லச் சாய்ந்தது. பல வருஷம் சாயாத தலை.

ஓட்டுகிறவன் தோளில் சாய்ந்தது. இவனுடைய தோளில்.