பதம் தப்பிய கத்தி

டெலிபோன் அலறியது.

கத்தியக்காவின் கை அசையவில்லை. அவள் கழுத்தில் ஒரு கத்தி இருந்தது. அவளே செய்து பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த கத்தி...

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க," என்றார் பல் டாக்டர். "வாயை நல்லா திறங்க" என்று நோயாளிகளிடம் சொல்வாரே, அதே இதமான குரல்.

எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன்மா. பார்க்கிங்ல ஒருத்தர் முதுகுல கத்திக்குத்து. ஆள் அவுட். கத்தியில உங்க முத்திரை. கொம்புப் பிடி. யாருக்குச் செஞ்சு குடுத்தீங்க?"

கழுத்தில் அழுத்தம் கூடியது.

"கொம்புப் பிடியில நிறைய பேருக்குச் செஞ்சிருக்கேன் சார்... யோசிச்சுத்தான் சொல்லணும்."

"சாயங்காலம் நேர்ல வரேன்."

வைத்துவிட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டவர் கைக்கு அளவெடுத்து ஒற்றை ஒற்றையாகச் செய்கிறவள் அவள். அந்தக் கத்தி, எதிரே நிற்கிற இந்தக் கைக்காகச் செய்தது.

"செத்தது யாரு டாக்டர்?"

"என் மச்சினன். என் பட்டம் போலின்னு தெரிஞ்சுக்கிட்டான். ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்னான்."

"நான் என்ன பண்ணணும்?"

"அச்சு அசலா இன்னொண்ணு செய்யணும். போலீஸ் வந்தா, என் கத்தி இதோ இருக்கேன்னு நான் காட்டணும்."

ஷட்டர் உள்ளே பூட்டியிருந்தது. சாவி அவர் பாக்கெட்டில். ஜன்னலில் கம்பி. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து அலுத்துக்கொள்ளும் சத்தம். அவ்வளவு பக்கத்தில் தெரு... வாயைத் திறந்தால் கழுத்து மிஞ்சாது.

புதுக் கத்தி முடிகிறவரைதான் தன் உயிர் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

கீறல் விழுந்ததென்று ஒதுக்கிய அதே அளவு கத்தி அலகு ஒன்று அலமாரியில் இருந்தது. எடுத்தாள். முத்திரை குத்தினாள். உலையில் வைத்தாள். செக்கச் செவேலென்று பழுத்ததும் எண்ணெயில் முக்கினாள். புகை கண்ணைக் கரித்தது.

"இனி சின்னச் சூட்டுல வச்சுப் பதம் பண்ணணும். நேரமாகும்."

"இழுத்தடிக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர், அது பண்ணலேன்னா..."

"பாக்க ஒரே மாதிரி இருந்தா போதும்க்கா. பிடியைப் போடுங்க."

அவள் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

தீட்டினாள். கொம்பை ராவிப் பிடி போட்டாள். ஆணி இரண்டு முறை நழுவியது. முதுகுக்குப் பின்னாலேயே அவர் மூச்சு.

முடிந்தது.

கழுத்துக் கத்தியை மேஜையில் வைத்துவிட்டுப் புதியதை வாங்கினார் டாக்டர். பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

அந்த ஒரு கணம்...

மேஜைக் கத்தியை உலைக்கடியில் தள்ளிவிட்டு, நீளமான இரும்புக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டாள் கத்தியக்கா.

"வேணாம்க்கா," என்றபடி, கையிலிருந்ததோடு பாய்ந்தார் அவர்.

குறட்டைக் குறுக்கே வீசினாள்.

'டிங்...'

கத்தி மூன்று துண்டாகத் தெறித்தது. எண்ணெயில் முக்கியபின் பதம் பண்ணாமல் விட்ட எஃகு கண்ணாடிக்குச் சமம். டாக்டர் வெறும் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வீச்சு முழங்காலில். சுருண்டு விழுந்தவரின் பாக்கெட்டில் கையை விட்டுச் சாவியை உருவி, ஷட்டரைத் தூக்கினாள்.

தட்டுவதற்கு ஓங்கிய கையோடு நின்றார் இன்ஸ்பெக்டர்.

"இவர்தான் சார்... மச்சினனைக் கொன்னவர்..."

"கொன்னவரா? யார் செத்தா?"

கீழே கிடந்த டாக்டர் தலையைத் தூக்கினார்.

"அவர் சாகலம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "குத்தினவன் ஆஸ்பத்திரிக்கே வந்து முடிச்சிடக் கூடாதேன்னு, அவுட்னு நாங்கதான் கிளப்பிவிட்டோம். மத்தியானம் கண் முழிச்சார். முதல் வார்த்தையே 'அத்தான்'. வீட்டுல தேடினா ஆளைக் காணோம். சரி, உங்களைக் கேட்டுப் பாப்போம்னு வந்தேன்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். விலங்கு விழுந்தது.

கத்தியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் உடம்பெல்லாம் நடுங்கியது.

"ஆனா ஒண்ணும்மா," என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர். "தோள்பட்டை எலும்போட நின்னுடுச்சு. உங்க கத்தி கொஞ்சம் மொக்கையோ?"

நடுக்கம் சட்டென்று நின்றது.

"கத்தியில குத்தம் சொல்லாதீங்க சார். குத்தம் குத்தினவர் மேல."