நடைமேடையின் சுத்தமான மூலை

அக்காவின் இருமலுக்கு ஒரு வழி பண்ணத்தான் தங்கை அன்று காலை சுரங்க ரயில் நிலையத்துக்குப் போனாள். தோள்பையில் தூசி அளக்கும் மெஷின் இருந்தது.

அது அவளுடைய தொழில். ஆலைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் போய், அங்கே வேலை பார்ப்பவர்கள் எவ்வளவு தூசியை உள்ளே இழுக்கிறார்கள் என்று அளந்து சொல்லும் கம்பெனியில் இருந்தாள். ஊருக்கெல்லாம் அளந்து சொன்னவள், சொந்த அக்கா வேலை செய்யும் இடத்தை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. அக்காவின் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், "இவங்க எங்க வேலை பாக்குறாங்க? குவாரியிலயா?" என்று கேட்டபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

நகரும் படிக்கட்டில் இறங்க இறங்க வெளிச்சம் குறையவில்லை. காற்றுதான் மாறிக்கொண்டே வந்தது. உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்த சில்லறைக் காசின் வாசனை. அதற்கு மேல் கருகிய ரப்பரின் வாசனை. சுவரில் லேசாக உரசிய சட்டைத் தோள் கறுத்துவிட்டது. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் ஒன்றையொன்று தேய்த்து உதிர்க்கிற இரும்புப் பொடி அது. மேலே சாலையில் லாரிப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள், கீழே வந்ததும் அப்பாடா என்று பெருமூச்சு விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விஷத்தின் மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை.

நடைமேடையின் நடுவில், சக்கரம் வைத்த தகவல் மேசைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். எந்த வண்டி எங்கே போகும் என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் வேலை. கேட்காதவர்களுக்கும் சொல்வாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"வாடி. என் வேலைக்கு உலை வைக்க மெஷினோடயே வந்துட்டியா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

"வேலைய விடு, இல்ல மேல மாத்தல் கேளுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"மேல இடம் காலி இல்ல. வேலைய விட்டா நானும் என் பொண்ணும் உன் தலையில வந்து உட்காரணும். தாங்குவியா?"

"தாங்குறேன். வா."

"போடி இவளே." அக்கா இருமிக்கொண்டே சிரித்தாள். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவளிடம் யார் பேசி ஜெயிப்பது?

சரி, கீழேயே இருக்கட்டும், தூசி குறைந்த இடமாகப் பார்த்து மேசையைத் தள்ளி வைக்கலாம் என்று தங்கை மெஷினைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எண்கள் தாவி ஏறின. சுரங்கக் குகைக்குள் இருக்கும் காற்றை வண்டி தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. போகும்போது பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. அத்தனை பொடியும் அதில் கிளம்பி ஆடுகிறது.

நடைமேடையின் கடைசி மூலைக்கு வந்ததும் எண்கள் சரசரவென்று இறங்கின.

மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். அணைத்துப் போட்டாள். மெஷின் காற்றை இழுக்கும் வாயைத் துடைத்து மறுபடி பிடித்தாள். மழை பெய்து ஓய்ந்த மலையில்கூட அவள் அவ்வளவு சுத்தமான காற்றைப் பார்த்ததில்லை. பக்கத்தில் மின்விசிறி இல்லை, காற்றுக் குழாய் இல்லை. கறுத்த சுவர் மட்டும்தான்.

"அங்க வேணாம் மேடம்."

நடைமேடைக் காவலாளி பின்னால் நின்றிருந்தார். எந்நேரமும் ஊதலை வாயில் கவ்விக்கொண்டே திரிவதால் அவருக்கு விசில் என்று பெயர்.

"ஏன்?"

"அங்க யாரும் நிக்க மாட்டாங்க. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இந்த மூலை மட்டும் காலியாவே கிடக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல ஒருத்தர் நின்னு மூச்சு இழுக்குற மாதிரி இருக்கும் மேடம். இழுத்துக்கிட்டே இருக்கும். திரும்ப விடவே விடாது."

தங்கை சிரித்தாள். "சுத்தமான காத்து உங்களுக்கெல்லாம் பழக்கமில்ல. அதான் பயமா இருக்கு."

அக்காவின் மேசையைத் தங்கையும் விசிலுமாக மூலைக்குத் தள்ளினார்கள். விசில் பாதி வழியிலேயே கையை எடுத்துவிட்டார்.

சில நாளிலேயே அக்காவின் இருமல் குறைந்தது. தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. படித்த படிப்பு கடைசியில் வீட்டுக்கும் உதவியதே என்று பெருமையாக இருந்தது. கண் பட்டுவிடும் என்று வெளியே சொல்லவில்லை.

பிறகு இருமல் சுத்தமாக நின்றுபோனது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அக்கா வீட்டில் எண்ணெய்ச் சட்டி தீய்ந்து சமையலறை முழுக்கப் புகை மண்டியது. தங்கையும் அக்கா மகளும் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழிய வெளியே ஓடி வந்தார்கள். அக்கா மட்டும் புகைக்கு நடுவே நின்று நிதானமாகச் சட்டியைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒண்ணும் பண்ணலையாக்கா?"

"என்ன... பண்ணும்?"

அப்போதுதான் தங்கை கவனித்தாள். அக்காவின் பேச்சு குறைந்திருந்தது. இரண்டு சொல் சொல்லிவிட்டு, எதற்கோ காத்திருப்பவள் போல நிறுத்தினாள். பிறகு அடுத்த சொல் வந்தது.

"சுகமா இருக்குடி. அங்க உட்கார்ந்தா... நான் மூச்சு இழுக்கவே வேணாம். அதுவே... இழுத்துக்குது."

இடத்தை மட்டும் அளந்தால் போதாது, அங்கே இருக்கும் ஆளையும் அளக்க வேண்டும். அவள் தொழிலின் முதல் பாடம் இது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே திரும்பத் திரும்பச் சொல்வாள். தொழிலாளியின் கழுத்துப் பட்டையில் மூக்குக்குப் பக்கமாக ஒரு சின்ன பம்ப்பை மாட்டிவிட்டால், அவர் இழுக்கும் காற்றின் தூசி அதற்குள் இருக்கும் வெள்ளைத் தாளில் படியும். அக்கா விஷயத்தில் மட்டும், பாசத்தில், அதைச் செய்யாமல் விட்டிருந்தாள்.

மறுநாள் காலை அக்காவின் கழுத்தில் பம்ப்பை மாட்டி அனுப்பினாள். மத்தியானமே மனது கேட்காமல் நிலையத்துக்குப் போனாள்.

மூலையில் மெஷினைப் பிடித்தாள். எண்கள் அடிமட்டத்தில் கிடந்தன. சுத்தமான காற்று.

அக்காவின் கழுத்திலிருந்து பம்ப்பைக் கழற்றித் திறந்தாள்.

தாள் கரியாக இருந்தது. விரலால் தொட்டதும் பொடி மொத்தையாகப் பெயர்ந்து வந்தது. குவாரியில் ஒரு மாதம் மாட்டி வைத்தாலும் அப்படிப் படியாது.

காற்றில் தூசி இல்லாததற்குக் காரணம் அவளுக்கு அப்போது புரிந்தது. அந்த மூலையில் நின்றுகொண்டு ஏதோ ஒன்று நடைமேடையின் தூசி முழுவதையும் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு நெஞ்சு கிடைக்காமல் இருந்தது. அக்காவின் நெஞ்சைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள்.

"அக்கா."

அக்கா எதிரே இருந்த குகை வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு அசையவில்லை.

தங்கை அவள் மூக்கருகே விரலை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

குகைக்குள் தூரத்தில் உறுமல் கேட்டது. வண்டிக்கு முந்திக்கொண்டு அதன் காற்று வந்தது. அக்காவின் நெஞ்சு மெதுவாக உயர்ந்தது.

வண்டி நின்றது. உயர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது.

வண்டி புறப்பட்டது. நெஞ்சு தாழ்ந்தது.

"எந்திரிக்கா. போயிடலாம்."

"அடுத்த வண்டி... வரட்டும்டி."

தங்கை அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மெலிந்த அக்கா இரும்பாகக் கனத்தாள். விசில் எங்கிருந்தோ ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார். இருவருமாகத் தூக்கியும் இழுத்தும் படிக்கட்டில் ஏற்றி, வெயில் அடிக்கிற நடைபாதையில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

மேலே ரயில் வண்டி இல்லை. அதன் காற்றும் இல்லை.

அக்காவின் உதடு நீலம் பாரித்தது. கை மட்டும் உயர்ந்து படிக்கட்டுப் பக்கம் காட்டியது.

"கீழயே கொண்டு போயிடலாம் மேடம்," என்றார் விசில். "அங்கன்னா மூச்சு வருது. இங்க செத்துடுவாங்க."

அவர் சொன்னது நிஜம். கீழே போனால் அக்கா உயிரோடு இருப்பாள். இன்றும் நாளையும் என்றைக்கும், அந்த மூலையில், வண்டிக்கு வண்டி. அப்படி ஒரு உயிரை அக்காவுக்குக் கொடுக்கத் தங்கையால் முடியவில்லை.

"மாட்டேன்," என்றாள். அக்காவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

ஊதிக்கொண்டே இருந்தாள். திடீரென்று எதிர்ப்பக்கமிருந்து ஒன்று அவள் வாய்க்குள் தள்ளிக்கொண்டு வந்தது. ஈரமில்லாத, சில்லென்ற காற்று. நாக்கில் சில்லறைக் காசின் ருசி. அவள் வாயை எடுக்கவில்லை.

அக்கா இருமினாள்.

கறுப்புக் கறுப்பாகத் துப்பி, புரண்டு படுத்து, மறுபடி இருமினாள். விசில் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்டவள் போலத் தங்கை சிரித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தாள். வேலையை விட்டாயிற்று. நெஞ்சு முழுசாகத் தெளிய நாளாகும், ஆனால் தெளியும் என்று டாக்டர் சொன்னார். அந்த வீடு ஊர்க்கோடியில் இருந்தது. அந்தப் பக்கம் தரைக்கு மேலும் தண்டவாளம் கிடையாது, கீழும் கிடையாது.

ஒரு காலை, கூடத்தில் உட்கார்ந்து தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அக்கா தன் மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள், நடுவில் இருமினாள், மறுபடி திட்டினாள். வீடே அவள் பேச்சால் நிறைந்திருந்தது.

"ஏன்டி, எவ்வளவு நேரமா கூப்பிடுறேன். காதுல விழலையா?"

விழுந்தது. வருகிறேன் என்று சொல்லத்தான் தங்கை வாயைத் திறந்தாள். சொல்வதற்கு மூச்சு இல்லை.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

பயம் உடனே வரவில்லை. சுகமாகத்தான் இருந்தது. அது சுகமாக இருந்ததை உணர்ந்தபோதுதான் மடியில் இருந்த துணியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"என்னடி சத்தத்தையே காணோம்?" அக்காவின் செருப்புச் சத்தம் கூடத்தை நோக்கி வந்தது.

கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. ஆனாலும் தங்கையின் நெற்றி முடி மெல்லப் பறந்தது. அவள் நெஞ்சு நிறைந்து, மெதுவாக உயர்ந்தது.

அவள் இழுக்கவில்லை.