தண்ணீர் நிற்கும் சாமான்

அன்று கார்ப்பரேஷன் தண்ணீர் ஒன்பதாம் நாள் வந்தது. குழாய் முதலில் காற்றை ஊதியது, பிறகு கலங்கலாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு தெளிந்தது. இந்துமதி இரண்டு டிரம்களையும் குடங்களையும் நிறைத்துவிட்டு, கடைசியாக ஹோஸைப் பின்பக்கம் இழுத்துப் போய் வாஷிங் மெஷினுக்குள் விட்டாள். மோட்டார் எரிந்து இரண்டு வருடமாயிற்று. ஆனாலும் துவைக்கிற தொட்டியில் ஐந்து குடம் நிற்கும். அடியில் தண்ணீர் வெளியேறும் குழாயை மடக்கி, ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த லைன் வீடுகளில் ஓடாத மெஷின் வைத்திருந்த எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

நான்கு வயது ஆஷா ஸ்டூலில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, இதில் மீன் விடலாமா என்று கேட்டாள். அப்பா வந்ததும் கேள் என்றாள் இந்துமதி. அப்போது நூல் பிசிறு வெட்டி முடித்த பனியன் கட்டுகளை எடுத்துப்போகக் கம்பெனி ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தது. கட்டுகளை ஏற்றிவிட்டுத் திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் கணவன் பாண்டித்துரை, அவளிடம் ஒன்றும் சொல்லாமல், பழைய இரும்புக் கடை மொக்கைச்சாமியைக் கூட்டிவந்தான். தொட்டியை உடைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் பேச்சு, விலை எதுவும் வேண்டாம் என்றான். உடைத்துவிடுவதாக மொக்கைச்சாமி சொன்னார். மூன்று சக்கர வண்டியில் மெஷின் ஏறியபோது பாண்டித்துரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். லைன் வீடுகளின் சொந்தக்காரர் சாமியாத்தாள் மட்டும் அருகில் வந்து, கடைசி வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்திருப்பதைச் சொன்னார்.

"அந்தப் புள்ளைகிட்ட எதும் சொல்லிப்போடாத கண்ணு. அப்பறம் ஒவ்வொரு ஊடா காலியாயிரும்."

இந்துமதி தலையாட்டினாள். அப்போது அவள் எதற்கும் தலையாட்டுகிறவளாக இருந்தாள்.

மெஷின் நின்றிருந்த இடம் காயவில்லை. மே மாத வெயிலில், கொடியில் போட்ட துணி அரை மணி நேரத்தில் மொடமொடத்துப்போகிற அந்தப் பின்பக்கத்தில், ஒரு சதுரம் மட்டும் ஈரமாகவே கிடந்தது. வேஸ்ட் துணியை வைத்து ஒற்றி எடுத்தாள். பிழிந்தால் சோப்புத்தூளும் பாசியும் கலந்த, நாள்பட்ட தண்ணீரின் வாடை வந்தது. கை கழுவித் திரும்புவதற்குள் சதுரம் மறுபடி கறுத்திருந்தது. பாண்டித்துரை வந்து பார்த்து, கீழே பைப் கசிகிறது போல என்றான். கீழே பைப் எதுவும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்து தண்ணீர் வந்து போன இரண்டாம் நாள் மதியம், கரண்ட் போய், நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் ஒரேயடியாக நின்றபோது, அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் சுவருக்குள் தண்ணீர் அசையும் சத்தம். யாரோ உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி அலை உண்டாக்குவது போல. குடத்துத் தண்ணீரும் டிரம் தண்ணீரும் அப்படிச் சத்தம் போடுவதில்லை. அவள் சத்தத்தின் பின்னாலேயே, ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலாகக் கடந்து, கடைசி வீட்டுக்குப் போனாள்.

அங்கே, தகரமும் மோட்டாரும் போய், மூடியும் போய், வெறும் தொட்டியாக அது நின்றது. கீழே நான்கு செங்கல். நிறையத் தண்ணீர்.

விஜயராணி உள்ளேயிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மகள் ஜெசிந்தா நின்றாள். அவளுக்கும் நான்கு வயதுதான் இருக்கும்.

"டிரம் வாங்க வழியில்லாம நின்னேன்க்கா. இரும்புக் கடைக்காரருதான் வாசல்ல வண்டிய நிப்பாட்டி, இது வேணுமான்னு கேட்டாரு. அடியில எம்-சீல் வச்சு அடைச்சுக் குடுத்தாரு. தண்ணி நிக்கிற சாமானை இந்த ஊர்ல எவனும் உடைக்க மாட்டான்னு சொல்லிச் சிரிக்காரு."

இந்துமதிக்குச் சாமியாத்தாள் சொன்னது நினைவில் இருந்தது. பிறகு ஜெசிந்தா தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"எம் புள்ள இதுலதான் போனா," என்றாள்.

விஜயராணி குழந்தையை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இருவருமாகத் தொட்டியைச் சாய்த்தார்கள். ஐந்து குடம் தண்ணீர் சந்து முழுக்க ஓடியது. மற்ற வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, என்ன அநியாயம் இது என்றார்கள். தொட்டியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்கள். மொக்கைச்சாமிக்குப் போன் போட்டதில், லோடு ஏற்றப் போயிருக்கிறேன், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் காலை விஜயராணி இந்துமதியின் வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கண்ணைத்தான் பார்க்கவில்லை.

"ஒங்க மனசு எனக்குப் புரியுதுக்கா. அதுக்காக ராத்திரியோட தொட்டிய நிமித்தி வச்சு, தண்ணியும் ஊத்தி வச்சுட்டுப் போனா நான் என்ன செய்யட்டும்? சின்னப் புள்ளய வச்சிருக்கேன். இப்பதான் திரும்பக் கொட்டிக் கவுத்திட்டு வாரேன்."

இந்துமதி தன் டிரம்களைத் திறந்து காட்டினாள். இரண்டிலும் பாதிக்கும் மேல் இருந்தது. அந்த லைனில் யாரிடமும் ஐந்து குடம் குறையவில்லை. அடுத்துத் தண்ணீர் வர இன்னும் ஆறு நாள். விஜயராணி டிரம்களைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், நம்பாமல் திரும்பிப் போனாள்.

அன்று பிசிறு வெட்ட முடியவில்லை. வீட்டில் ஈரச் சதுரத்தைப் போய்ப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சிமென்ட் வெளுத்து, வெடிப்பு தெரியக் காய்ந்திருந்தது. அது நல்லதா என்று யோசித்தாள். இங்கே இருந்தது இப்போது இங்கே இல்லை. அவ்வளவுதான் புரிந்தது.

பாண்டித்துரையிடம் போனில் சொன்னாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து சுத்தியலால் உடைக்கிறேன், நீ அந்தப் பக்கமே போகாதே என்றான். ஷிப்ட் முடிய எட்டு மணி ஆகும்.

மதியம் மறுபடி கரண்ட் போனது.

இரைச்சல் நின்றது.

தட்டும் சத்தம் கேட்டது. நேற்றையதைவிட வேகமாக. கூடவே ஒரு குழந்தை பேசுகிற குரல். ஒரு குழந்தைதான். கேள்விக்குப் பதில் சொல்வது போல, நடுநடுவே நிறுத்தி நிறுத்தி.

இந்துமதி ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டாள். பின்வாசல் வழியாக ஓடினாள். வெயிலில் தரை காலைச் சுட்டது. நான்காம் வீடு. ஐந்தாம் வீடு. கதவுகள் சாத்தியிருந்தன.

கடைசி வீட்டின் பின்பக்கம் தொட்டி மறுபடி நிமிர்ந்திருந்தது; ஜெசிந்தா அதன் அருகே செங்கல்மேல் ஏறி நின்றிருந்தாள். வயிறு விளிம்பில் அழுந்தியிருந்தது. இரண்டு கைகளும் உள்ளே. உள்ளே சமையலறையில் விஜயராணி பாத்திரம் நகர்த்தும் சத்தம்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. முகத்தில் பயமில்லை.

"பெரியம்மா, இவளுக்குக் கை வலிக்காம். தூக்கிவிடச் சொல்லுதா."

நான்கு எட்டு தூரம்தான். குழவியைப் போட்டுவிட்டுக் குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்தால் போதும். அவளுக்குத் தெரியும். குழவியைக் கீழே வைத்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதில் தொட்டிக்குள் தெரிந்தது.

ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை. வெளுத்து, ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிய சின்னக் கை. பெற்றவளுக்கு அடையாளம் எதற்கு.

இழுத்தால் அந்தக் கை விட்டுவிடும்.

அவள் நினைத்தது அது ஒன்றுதான். இழுத்தால் அது விட்டுவிடும், மறுபடி உள்ளே போய்விடும், தனியாக. வாய் திறந்தாள். விஜயராணி என்று கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. அவள் கை நீண்டது. யாரை நோக்கி நீண்டது என்று அவளுக்குத் தெரியாது. பிறகும் தெரியவில்லை.

செங்கல்லிலிருந்து ஜெசிந்தாவின் பாதங்கள் எழும்பின.

சத்தம் இல்லை.

உள்ளே குக்கர் விசில் அடித்தது. விஜயராணி மகளைப் பேர் சொல்லி அழைத்தாள். சாப்பிட வாட்டி என்றாள்.

தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. சுற்றிலும் தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.