மேலிருந்து ஒரு பிடி

துடைத்த மேசையில் நீலம் இருந்தது.

பூங்கோதை புற ஊதா விளக்கை அணைத்து, பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து, இன்னொரு முறை அழுத்தித் துடைத்தாள். விளக்கைப் போட்டாள். மிளகளவு நீலப் பொட்டு. அதே இடத்தில்.

காலையில் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜாதவ்பூரில் தானியங்களைச் சோதிக்கும் அந்தக் கூடத்தின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. பூஞ்சை சுரக்கும் நஞ்சு இருட்டில், அந்த விளக்கின் கீழேதான் நீலமாக ஒளிரும் என்பதால், பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. வெளியே மழை தகரத்தில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஈர அட்டைப்பெட்டியின் புழுங்கிய வாடைக்கு அடியில், எங்கிருந்தோ, கஞ்சி கொதிக்கும் வாசனை மெல்ல எழுந்தது.

"கோதைதி, சா ஆறிப்போச்சு. உள்ளயே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

கதவுக்கு வெளியே மது. கொல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப் பெண். அவளுக்கு அக்கா என்று வராது, 'தி'தான்; டீயும் 'சா'தான்.

"அஞ்சு நிமிஷம், மது."

"அது உங்க வீட்டு மாவு டப்பாதானே? காலையில பார்த்தேன்." குரல் தணிந்தது. "வேண்டாம்தி. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

பூங்கோதை டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். செருப்புச் சத்தம் விலகிப் போனது.

பாலிகஞ்சில் மளிகைக்கடை வைத்திருக்கும் குருமூர்த்தி, சித்திரையில் ஒரு மக்காச்சோள மூட்டையைச் சோதிக்க அனுப்பியிருந்தார். நஞ்சு மூட்டை முழுக்கப் பரவியிருக்காது. எங்கோ ஒரு பிடிக்குள் பதுங்கியிருக்கும். அதனால் மேலே, நடுவே, அடியே என்று குத்தூசியால் எடுத்து, ஒன்றாக அரைத்துக் கலந்துதான் பார்க்க வேண்டும். அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று போனில் அனன்யா அழுதாள். இரண்டரை வயது. "அம்மா, எப்ப வதுவ?"

மேலிருந்து ஒரு பிடி அள்ளினாள். சுத்தம் என்று வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"நீங்களே பார்த்த சோளம்மா, பாப்பாவுக்குக் கஞ்சி வச்சுக் குடுங்க" என்று பிறகு குருமூர்த்தி இரண்டு கிலோ தந்தார். அதே மூட்டையின் அடியிலிருந்து. தினமும் காலையில் மடியில் உட்காரவைத்து அவளே ஊட்டினாள். பதினெட்டாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளானது. ஈரல் என்றார் டாக்டர். காரணம் தெரியவில்லை என்றார்.

அனன்யா இறந்து நாற்பத்தோரு நாள். அத்தனை நாளும் அந்தக் காரணம் அவள் சமையலறை டப்பாவில் இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு 'இல்லாமல்' போதும், அவள் உயிரோடிருக்க.

கண்ணாடித் தகட்டை எடுத்தாள். டப்பா மாவின் சாறு ஏறிய தகடு. விளக்கின் கீழே வைத்தாள்.

நீலம். தகடே எரிவதுபோல நீலம்.

அழுகை வரவில்லை.

தகட்டைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். மேசையில் இப்போது பொட்டு ஒன்றல்ல. மூன்று. விளிம்பில் ஒன்று. தரையில் ஒன்று, இன்னொன்று. விரலால் தொட்டாள்.

ஈரம். வெதுவெதுப்பு.

கஞ்சி வாசனை.

சொட்டுகள் அவள் பக்கமாகவே வந்திருந்தன. கால்வரை. மழை கேட்கவில்லை. கோட்டின் ஓரத்தை ஏதோ பிடித்தது. லேசாக. பழகிய பிடி.

விளக்கைத் தாழ்த்தினாள்.

முழங்கால் உயரத்தில், முகமில்லாத இருட்டில், நீலம் வழியும் ஒரு சின்ன வாய். அடுத்த கரண்டிக்காகத் திறந்திருந்தது.