தங்கும் என்றது பூ

எத்தனை தடவை குளித்தும் அந்த வாடை போகவில்லை. தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி, பாத்திரத்தின் அடியில் மிஞ்சி வெயிலில் புளித்துக் கிடந்தால் வருமே, அப்படி ஒரு வாடை. மோகனப்பிரியா சேலையை முகர்ந்தாள், தலையணையை முகர்ந்தாள், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். அவள் குனிந்தால் அதுவும் குனிந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது. மாமியார் கந்தம்மாள் பட்டப்பகலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். வாடையைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை.

வயிற்றில் இருந்த இளங்கருவுக்குத் துடிப்பு நின்றுவிட்டது என்று ராசிபுரத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொல்லிப் பத்து நாளுக்கு மேலாகிறது. தானாக வெளியேறக் காத்திருக்கலாம், இல்லையென்றால் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்துவிடலாம், இரண்டும் சரிதான், முடிவு உன்னுடையது என்றார். காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தால் மட்டும் உடனே ஓடிவரச் சொன்னார். பிரியா அழுது தீர்த்துவிட்டு, சுத்தம் செய்துவிடலாம் என்றாள். செத்ததைச் சுமந்துகொண்டு சோறு தின்ன அவளால் முடியவில்லை. கணவன் ஜீவானந்தமும் தலையாட்டினான்.

"ஆயுதம் வெக்கறதுக்கு முன்னால ஆத்தாகிட்டப் பூ கேட்டுப்போட்டு வாரேன்" என்றாள் கந்தம்மாள்.

அந்த வீட்டில் தறி வாங்குவதென்றாலும் பூ கேட்டுத்தான் வாங்குவார்கள். சிவப்பும் வெள்ளையுமாய் இரண்டு பொட்டலம், அம்மன் காலடியில் ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது, வெள்ளை வந்தால் சரி. கந்தம்மாள் வெள்ளைப் பூவோடு வந்தாள். பிரியா நிம்மதியாகத் துணிமணி எடுத்து வைத்தாள்.

"எங்க கண்ணு கெளம்பற?"

"ஆஸ்பத்திரிக்குத்தானுங்க அத்தை. ஆத்தா சரின்னுட்டாளே."

"நான் கேட்டது கொழந்த தங்குமான்னு. தங்கும்னு குடுத்துட்டா."

"அதுக்குத் துடிப்பே இல்லீங்களே!"

"மிசினுக்குத் தெரிஞ்சது ஆத்தாளுக்குத் தெரியாதா சாமி?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். பிரியாவின் கெட்ட நேரம், இங்கே பூசாரியும் தாராளமாகத் திருநீறு கொடுத்தனுப்பியிருந்தார். ஜீவானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றான். அன்றிலிருந்து கம்பிக்கதவுக்குப் பூட்டு. அவளுடைய போன் மாமியாரின் பீரோவில்.

இன்று விடியும்போதே உடம்பு அனலாய்க் கொதித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் போட்ட சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தண்ணீர்க்குடத்தோடு போன ஒருத்தி கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோலச் சிரித்துவிட்டுப் போனாள். ஆத்தா தங்கும் என்று பூக் கொடுத்த சேதி தெருவுக்கே போயிருந்தது.

சாயங்காலம் கரண்ட் போனது. தறிகள் நின்றன.

"ஏனுங்க! நான் சாகப்போறேன், வாங்க!"

கொட்டகையிலிருந்து ஜீவானந்தம் ஓடிவந்தான். கம்பிக்குள் கையை விட்டு நெற்றியைத் தொட்டவன், உள்ளே நின்ற அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

"ஒடம்பு நெருப்பாட்டம் சுடுதும்மா. பூவும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. நான் கார் கூட்டிட்டு வாரேன்."

பூட்டைத் திறந்துபோட்டுவிட்டு அவன் ஓடினான். பிரியாவுக்கு உயிர் வந்தது. வாசலை நோக்கி நடந்தாள்.

"இரு கண்ணு. ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கறேன்." கந்தம்மாள் முந்தானையை விலக்கி, வெறும் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது.

கந்தம்மாளின் முகத்தில் முதலில் சிரிப்பு. பிறகு அதுவும் இல்லை.

"உடுங்க அத்தை."

"நானா புடிச்சிருக்கேன்?"

கந்தம்மாள் கையை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிரியாவின் வயிறும் கூடவே வந்தது.

பிரியா குனிந்து பார்த்தாள்.

தோலுக்கு அடியில் ஐந்து விரல்கள். அரிசி மணி அளவு. ஒவ்வொன்றாக எழுந்து, தோலோடு சேர்ந்து கந்தம்மாளின் சுண்டுவிரல் நுனியைப் பற்றிக்கொண்டிருந்தன.