தானே பிடிக்கும் பிரேக்

அன்றைக்குச் செருப்பு வார் மட்டும் கழன்றிராவிட்டால் ராஜராஜேஸ்வரிக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

தச்சநல்லூரில் அவர்கள் தெருவுக்கு ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, தெரு ஏறி வீடு இறங்கிவிட்டது. தெருவிலிருந்து வாசல் கேட்டுக்கு நல்ல சரிவு. ராஜி டீச்சராக இருக்கும் கல்லிடைக்குறிச்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து தாயும் மகளும் திரும்பியதும், எட்டு வயதுக் கோமு காரின் பின்சீட்டிலிருந்து குதித்து ஓடிப்போய் கேட்டைத் திறப்பாள். அது அவளுடைய உத்தியோகம். வேறு யாரையும் தொட விடமாட்டாள். துருப்பிடித்த தாழ்ப்பாளோடு அவள் மல்லுக்கட்டி முடிக்கும்வரை ராஜி சரிவின் தலைப்பில் பிரேக்கை மிதித்தபடி காத்திருப்பாள். அன்றைக்கு வாரை மாட்டுவதற்காக, ஏதோ ஞாபகத்தில், பிரேக்கிலிருந்த வலது காலை எடுத்துவிட்டாள்.

வண்டி நியூட்ரலில் இருந்தது. ஹேண்ட் பிரேக் போடவில்லை. முன்னால் கோமு.

ஆனால் வண்டி அசையவில்லை. குனிந்து பார்த்தாள். பிரேக் பெடல் அடிவரை அமுங்கியிருந்தது. அதன் மேல் எந்தக் காலும் இல்லை.

தாழ்ப்பாள் திறந்து கோமு ஓரமாக ஒதுங்கிய பிறகுதான் பெடல் மெல்ல மேலே வந்தது. வண்டி உருளத் தொடங்கியது, அவள் பதறி மிதித்து நிறுத்தினாள். கண்ணாடிகள் ஏற்றியிருந்த வண்டிக்குள் ஆற்றுச் சேற்று வாசனை அடித்தது. கோமுவின் நனைந்த ஷூவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவன் மகேஷிடம் ராத்திரி போனில் சொன்னாள். அவன் சிரித்தான். "பிரேக் பிடிக்கலைன்னா பயப்படணும். பிடிக்குதுங்கதுக்கா பயப்படுதே?"

"கால் வைக்காம பிடிக்குது."

"ஒனக்குக் கால் வச்சது தெரியலையா இருக்கும். பெருமாள்ராஜ் அண்ணாச்சி விசாரிச்சுத்தானே வாங்கித் தந்தாரு, டாக்டர் ஓட்டுன வண்டின்னு."

பெருமாள்ராஜ் பழைய கார் புரோக்கர். அவர் விற்கும் வண்டி எல்லாமே ஏதாவது ஒரு டாக்டர் ஓட்டியதுதான். திருநெல்வேலியில் இத்தனை டாக்டர் இருந்தால் ஒருவருக்கும் தலைவலி வராது. இது அவளுக்கு வாங்கிய பிறகுதான் தோன்றியது.

அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை நடந்தது. பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் மொத்தமாக வெளியே வரும்போது, அவள் மிதிப்பதற்கு முன்னாலேயே வண்டி நின்றது. சேரன்மகாதேவியைத் தாண்டி, ஒரு சிறுமி ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, வண்டி குலுங்கி நின்று, நெற்றி ஸ்டியரிங்கில் மோதிப் புடைத்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் நின்று நிதானமாக வைதுவிட்டுப் போனான். பின்னால் வந்தது லாரியாக இருந்திருந்தால்? பின்சீட்டில் இருப்பது கோமு. அந்த ஒரு நினைப்புதான் ராஜியைத் தூங்கவிடவில்லை.

பிறகு தொடங்கியது மெக்கானிக்குகளின் தரிசனம்.

முதல் இடம் கண்ணாடி போட்ட பெரிய சர்வீஸ் சென்டர். டை கட்டிய பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "மேடம், ஹீல்ஸ் போட்டு ஓட்டுவீங்களா?" என்று கேட்டான். அவள் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. பிரேக் பேட் நான்கும் மாற்றியதாகச் சொன்னான். மறுநாளே கேட் வாசலில் பெடல் தானாக இறங்கியது. இரண்டாவது ஆள் தச்சநல்லூரிலேயே, புளியமரத்தடியில். பிரேக்கில் காற்றுப் பிடித்திருக்கிறது என்றான், எண்ணெயை மாற்றினான், தெருவில் நாலு சுற்று ஓட்டிக் காட்டினான். அவன் கையில் வண்டி பசுவாக இருந்தது.

"பிரேக் பிடிக்கலைன்னுதான் டீச்சர் எல்லாரும் வருவாவ. பிடிக்குதுன்னு வந்த மொத ஆளு நீங்கதான்" என்றான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் அதற்கும் சிரிப்பார்கள் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஊமை கண்ட கனவு மாதிரி ஆகிவிட்டது அவள் பாடு. மெக்கானிக் கைக்குப் போனால் வராது, சாயங்காலம் கோமு கேட்டுக்கு முன்னால் போய் நின்றால் வரும்.

கால் இல்லாமல் இறங்கி நிற்கும் பெடலைப் பார்ப்பதைவிட, அது திரும்ப மேலே வருவதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு பொறுப்பாக, அவ்வளவு மெதுவாக வரும்.

கிங்ஸ்டனைப் பற்றிச் சொன்னது பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். கிங்ஸ்டன் உவரிக்காரர், கொஞ்ச நாள் படகு இன்ஜின் பார்த்துவிட்டுக் காருக்கு வந்த மெக்கானிக். சேரன்மகாதேவிக்கு வெளியே, ரோட்டோரம் மருதமரங்கள் முடிகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கோமுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இங்கேயும் ஒரு சிரிப்பு கிடைக்கும், வாங்கிக்கொண்டு வருவோம் என்ற மனதோடுதான் போனாள்.

அவர் சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டார். நான்கு சக்கரத்தையும் அவள் கண்ணெதிரேயே கழற்றினார். பேட்களை எடுத்துப் பேப்பரில் வைத்து அவள் முன்னால் நீட்டினார்.

"மாத்துனேன்னு சொன்னான்லா? மாத்தல. ஒங்க பழச மண்ணெண்ணெயில கழுவி மாட்டிருக்கான். ஆனாலும் நீங்க சொல்லுத கோளாறு இதுல்ல டீச்சர். ஹேண்ட் பிரேக் கேபிளும் அந்து கிடக்கு. இங்கன கிடைக்காது, திங்கக்கிழமை மதுரையில இருந்து வரும். அதுவரைக்கும் அத நம்பாதிய."

ஒரு மாதத்தில் முதல் தடவையாக யாரோ ஒருவர் அவளிடம் உண்மை பேசினார். ராஜிக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கிங்ஸ்டன் கைவிளக்கோடு டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்தார். பிறகு இடது பக்கத்துக் கதவைத் திறந்து, முன்சீட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த கார்ப்பெட்டைச் சர்ரென்று உரித்தார். சாம்பல் நிறத்தில் காய்ந்த வண்டல், ஒரு விரற்கடை கனத்துக்கு. ஆற்று வாசனை குப்பென்று வந்தது. வண்டலுக்குள்ளிருந்து ஒரு இரும்புத் தண்டு, டிரைவர் பக்கத்துப் பிரேக் வரைக்கும் ஓடியது. இந்தப் பக்கத்து முனை மொட்டையாக அறுபட்டிருந்தது.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டி" என்றார். "மாஸ்டர் இடப்பக்கம் இருந்து மிதிக்கதுக்கு வச்சது. அவருக்கு ரெண்டே பெடல்தான். இடது ஓரம் கிளட்சு, வலது ஓரம் பிரேக். ஆக்சிலேட்டர் கிடையாது."

ராஜிக்குத் தெரியும். அவளும் டிரைவிங் ஸ்கூலில்தான் கற்றாள். அங்கே யாரும் பிரேக் போடக் கற்பதில்லை. ஸ்டியரிங்கைப் பிடிம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார் மாஸ்டர்.

கிங்ஸ்டன் அறுபட்ட முனையைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத அறுத்தது நாந்தான்."

அவரே சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை. ஒரு பொம்பளை ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். கால்வாய்க் கரையில் ஒரு பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வந்திருக்கிறது. மாஸ்டர் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி வழுக்கிக் கால்வாய்க்குள் போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அந்தப் பொம்பளையும் நீந்திக் கரையேறிவிட்டாள்.

"கிரேன் வச்சுத் தூக்குனாவ. மாஸ்டர் கால் பிரேக்குலேயே இருக்கு. எடுக்க முடியல. அப்படி மிதிச்சிருக்காரு. அறுக்க என்னையக் கூப்பிட்டாவ. பெடலோடதான் அவர வெளிய எடுத்தோம்."

மருதமரத்தில் ஒரு காகம் கத்தியது. ராஜி புரோக்கர் பெருமாள்ராஜை நினைத்தாள், டாக்டர் வண்டியை நினைத்தாள். வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல் வந்தது. ஒரு மாதமாக யாராரோ அவளைக் கிறுக்கி ஆக்கினார்கள். கடைசியில் காரணம் வெறும் இரும்புத் தண்டு, யாரோ கழற்ற மறந்தது. அது எங்கேயோ சிக்கிப் பெடலை இழுக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவாகத்தான் இருக்க வேண்டும்.

"கழட்டிருங்க" என்றாள்.

கிங்ஸ்டன் தயங்கினார். "எப்பம்லாம் பிடிக்குதுன்னு சொன்னிய?"

"கேட் வாசல்ல. பள்ளிக்கூடத்துல. ஆட்டுக்குட்டியத் தொரத்திட்டு ஒரு பிள்ள வந்துச்சு, அங்கன."

அவர் வண்டியைப் பார்த்தார். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தோணியார் படத்தைப் பார்த்தார்.

"இது ஒங்கள ஒண்ணும் செய்யலியே டீச்சர். இருந்துட்டுப் போகட்டுமே."

"லாரிக்காரன் பின்னால வந்து இடிச்சான்னா எம்பிள்ள பின்சீட்டுல இருக்கா அண்ணாச்சி. கழட்டுங்க."

கழற்றினார். ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்தார். வண்டலைச் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். கூலி வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி இதுல மிதிக்க ஒங்க கால் மட்டுந்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி சாதுவாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குறுக்கே ஓடினார்கள். அவள் மிதித்தாள், நின்றது. மிதித்த அளவுக்கு மட்டும் நின்றது. மனதுக்குள் கிங்ஸ்டனுக்கு நன்றி சொன்னாள். காலுக்கடியில் ஏதோ ஈரமாகப் பட்டது. மேட் நனைந்திருந்தது. கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை என்று நினைத்தாள். ஆனால் நனைந்திருந்தது அவள் பக்கத்து மேட்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கேபிள் வந்ததா என்று கேட்கக்கூட வழியில் நிற்கவில்லை. பேட்டைக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. கண்ணாடிகளை ஏற்றி, வைப்பரைப் போட்டு, கோமு வாய்ப்பாடு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தாள். வண்டிக்குள் அந்த வாசனை இருந்தது. இடது பக்கத்துச் சீட்டிலிருந்து இல்லை. அவளுக்கு வெகு பக்கத்திலிருந்து வந்தது. சேலையின் பின்பக்கம் சில்லென்றிருந்தது. சீட் ஒழுகுகிறதோ என்று கையால் தடவினாள். கை நனைந்தது. நறநறவென்று மண் ஒட்டியது.

வீடு வந்ததும் பார்க்கலாம். எல்லாவற்றையும் வீடு வந்ததும் பார்க்கலாம்.

தெருவில் கரண்ட் இல்லை. சரிவின் தலைப்பில் நிறுத்தினாள். சீக்கிரம் உள்ளே போய்விட வேண்டும் என்று முதல் கியரைப் போட்டு, இடது கால் கிளட்சிலும் வலது கால் பிரேக்கிலுமாகக் காத்திருந்தாள். கோமு குடையை விரித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் முதுகு, மழைக்கோடுகள், மஞ்சள் குடை. தாழ்ப்பாள் இறுகியிருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

அப்போது ராஜியின் வலது கால் மேல் ஒரு கால் வந்து உட்கார்ந்தது.

குளிர்ந்த கால். கனமான கால். ஷூ போட்டது, ஷூவுக்குள் தண்ணீர் சளக்கென்றது. அது அவசரத்தில் இருந்தது. முன்னால் பிள்ளை நிற்கிறது, நிறுத்த வேண்டும் என்கிற அவசரம். அவள் காலை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டு பிரேக்கைத் தேடியது. பிரேக்கின் மேலேயே இருந்துகொண்டு தேடியது.

வலது ஓரம்.

ராஜிக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, அது இல்ல" என்றாள். "அது இல்ல. இதுதான். இதுதான்."

அது கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் பழகிய கால். வலது ஓரத்தில் இருப்பது பிரேக். அவள் பாதத்தை நடு பெடலிலிருந்து தள்ளி, வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர் மேல் கொண்டுபோய், மிதித்தது.

இன்ஜின் அலறியது. வண்டி சரிவில் ஒரு சாண் இறங்கி, சேற்றில் முன்சக்கரம் பதிந்து நின்றது. இடது கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அது தொளதொளவென்று மேலே வந்தது. வலது உள்ளங்கையால் ஹாரனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அம்மா அவசரப்படுத்துகிறாள் என்று கோமு இன்னும் வேகமாக இழுத்தாள்.

கிளட்சில் இருந்த இடது கால், வண்டியைப் பாயவிடாமல் பிடித்திருந்த அந்த ஒரே கால், நடுங்க ஆரம்பித்தது. பின்னங்கழுத்தில் ஈர மூச்சுப் பட்டது. வலது காலின் மேல் அந்தக் கால், பிள்ளையைக் காப்பாற்ற, தன் முழு பலத்தையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது.

தாழ்ப்பாள் விட்டது. கோமு வெளிச்சத்தில் திரும்பினாள். மழைச் சத்தத்துக்குள் சிரித்துக்கொண்டே, தினமும் செய்வதுபோல, கேட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் தன் பக்கம் ஆட்டினாள். வா, வா.